தடிப்பு வராத தட்டம்மை

இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ ஒண்ணு போட்டு வெச்சுக்கிட்டு உட்காருங்க.

போன வாரம் ஒருத்தர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்: "டாக்டர், எங்க அப்பாவுக்கு கிட்னி மாற்று அறுவை சிகிச்சை ஆகி ஆறு மாசம் ஆச்சு. நிமோனியான்னு சேர்த்திருக்கோம். நுரையீரலுக்குள்ள குழாய் விட்டு தண்ணி ஊத்தி எடுத்து டெஸ்ட் பண்ணணுங்கிறாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரியாதா? எதுக்கு இவ்வளவு கொடுமை?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லணும்னா நூறு வருஷத்துக்கும் மேலான கதையைச் சொல்லணும். அதுக்கு முன்னாடி நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ பார்த்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆறு வயசுப் பையன். ரத்தப்புற்றுநோய். கீமோ நன்றாகவே வேலை செய்து, வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிடும் கட்டத்துக்கு வந்திருந்தான். திடீரென்று காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். எக்ஸ்ரேயில் இரண்டு பக்க நுரையீரலும் வெள்ளை. பாக்டீரியாவுக்கு மருந்து, பூஞ்சைக்கு மருந்து, இப்படிப்பட்டவர்களுக்கு வரும் நியூமோசிஸ்டிஸ் என்ற கிருமிக்கு மருந்து, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சாச்சுரேஷன் ஏறவில்லை.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் எங்கள் யூனிட் சீஃப் மேடம் கேஸ் ஷீட்டை மூடிவிட்டு அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, வீட்டுல வேற யாருக்காவது அம்மை போட்டுச்சா?"

"ஆமாங்கம்மா. பெரியவனுக்கு மணல்வாரி போட்டிருந்துச்சு. தண்ணி ஊத்தி பத்து நாளாச்சுங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தப் பையன் உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. தட்டம்மை என்றால் தடிப்புதானே? ஒரு பிஜி டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், மீசில்ஸ் ஐஜிஎம் அனுப்பிப் பார்க்கலாமா?" அனுப்பினோம். நெகட்டிவ். "அப்ப மீசில்ஸ் இல்லை மேடம்" என்று நான்தான் போய்ச் சொன்னேன், கொஞ்சம் நிம்மதியோடு.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஐஜிஎம் தயாரிக்கிற ஆளுங்க எல்லாரையும் நாமதானேப்பா கீமோ கொடுத்து அனுப்பி வெச்சோம்? அப்புறம் யார் தயாரிப்பா?"

தொண்டையிலிருந்து ஸ்வாப் எடுத்து பிசிஆருக்கு அனுப்பச் சொன்னார். அப்போது அது வெளியே போய் வர வேண்டும். ரிசல்ட் பாசிட்டிவ் என்று வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு ஒரு குழந்தை படுத்திருந்தது.

அந்த அம்மாவை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். அம்மை என்றால் ஆஸ்பத்திரியில் பேசுகிற விஷயம் இல்லை என்றுதான் அவர் வளர்ந்திருக்கிறார். வாசலில் வேப்பிலை செருகி, கறி மீன் சமைக்காமல், எல்லாம் முறைப்படி செய்திருக்கிறார். நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. பெரியவனுக்குத் தடிப்பு வந்த அன்றே எங்களுக்குத் தெரிந்திருந்தால் சின்னவனுக்கு இம்யூனோகுளோபுலின் கொடுத்திருக்கலாம். தொற்று பட்டு ஆறு நாளுக்குள் கொடுத்தால் அதற்குப் பலன் உண்டு. அதனால் கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் கீமோ எடுப்பவரோ, உறுப்பு மாற்று செய்துகொண்டவரோ, ஸ்டீராய்டு அதிகம் சாப்பிடுபவரோ இருந்து, வேறு யாருக்காவது அம்மை வந்தால் அன்றைக்கே அவர்களின் டாக்டருக்குப் போன் போடுங்க. தண்ணி ஊத்துற வரைக்கும் காத்திருக்காதீங்க.

சரி, கதைக்கு வருவோம்.

1910ஆம் ஆண்டு, வியன்னா. ஹெக்ட் என்ற மருத்துவர் நிமோனியாவில் இறந்த குழந்தைகளின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். அங்கே வழக்கத்துக்கு மாறான ராட்சத செல்கள் இருக்கின்றன. ஒரு செல்லுக்கு ஒரு உட்கரு என்பதுதான் கணக்கு. இங்கே பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து, ஒரே பையில் பத்து இருபது உட்கருக்கள். "ராட்சத செல் நிமோனியா" என்று பெயர் வைத்தார். ஹெக்ட் நிமோனியா என்றும் சொல்வார்கள். எதனால் வருகிறது என்று தெரியாது. அடுத்த நாற்பது சொச்சம் வருஷம் இது தனி ஒரு வியாதியாகவே பாடப் புத்தகங்களில் இருந்தது.

கவனிங்க, அன்றைக்கு டயக்னோசிஸ் என்பது பிரேதப் பரிசோதனை மேஜையில்தான். வியாதியின் பெயர் தெரியும்போது நோயாளி இல்லை.

இதே கதைதான் இன்னொரு வைரஸுக்கும். 1881இல் ஜெர்மனியில் ரிப்பெர்ட் என்பவர் இறந்து பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தில் வீங்கிப் பெருத்த விசித்திரமான செல்களைப் பார்த்தார். புரியவில்லை, வெளியிடவும் இல்லை. 1904இல் ஜெசியோனெக், கியோலெமெனோக்லூ என்ற இருவர் இதே மாதிரி செல்களை வேறொரு சிசுவின் உறுப்புகளில் பார்த்து, இவை ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகள் என்று எழுதினார்கள். அதைப் படித்த பிறகுதான் ரிப்பெர்ட், "அடடே, நான் பார்த்ததும் இதைத்தானே" என்று தன் பழைய குறிப்பை வெளியிட்டார். 23 வருஷம் கழித்து!

அது ஒட்டுண்ணி இல்லை. நம்முடைய செல்லேதான். உள்ளே வைரஸ் பெருகி, உட்கருவின் நடுவில் ஒரு கருமையான உருண்டை, அதைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். பார்த்தால் ஆந்தை நம்மை முறைப்பது மாதிரி இருக்கும். இன்றைக்கும் நோய்க்குறியியல் தேர்வில் "ஆந்தைக் கண்" என்று எழுதினால்தான் மார்க். 1921இல் குட்பாஸ்சரும் டால்பட்டும் இது ஒட்டுண்ணி அல்ல, செல்தான் பெருத்திருக்கிறது என்று சொன்னார்கள். அந்தப் பெருத்த செல்லை வைத்துத்தான் பின்னால் வைரஸுக்கே பெயர் வந்தது: சைட்டோமெகலோ வைரஸ். சுருக்கமாக சிஎம்வி.

சிஎம்வி ஒன்றும் அபூர்வமான கிருமி இல்லை. இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயசிலேயே வந்து குடியேறியிருக்கும். வாடகை தராத, சத்தமும் போடாத குடித்தனக்காரர். எதிர்ப்பு சக்தி என்ற வாட்ச்மேன் இருக்கிற வரைக்கும் சமர்த்து. வாட்ச்மேனை அனுப்பிவிட்டால் தெரியும் சேதி. ரத்தத்தில் சிஎம்வி ஆன்டிபாடி இருக்கா என்று பார்ப்பதில் ஏன் அர்த்தமில்லை என்று இப்போது புரிந்திருக்கும். நம் நாட்டில் பெரியவர்கள் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். அது வைரஸ் எப்போதோ வந்ததைச் சொல்லும், இன்றைக்கு நுரையீரலைத் தின்கிறதா என்பதைச் சொல்லாது.

அப்படியானால் வைரஸையே பிடித்தாக வேண்டும். எப்படி?

பாக்டீரியாவை ஒரு தட்டில் சத்து ஊற்றி வளர்க்கலாம். வைரஸ் அப்படி வளராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். 1949இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்ற மூன்று பேர் கண்ணாடிக் குழாயில் மனித செல்களை வளர்த்து, அதில் போலியோ வைரஸைப் பெருக்கிக் காட்டினார்கள். உண்மையில் வெல்லர் அன்றைக்கு சின்னம்மை வைரஸை வளர்க்கத்தான் குழாய்களைத் தயார் செய்திருந்தார். சில குழாய்கள் மிச்சம் ஆயின. ஃப்ரீசரில் போலியோ வைரஸ் இருந்தது. வீணாக்குவானேன் என்று அதில் போட்டார்கள். சின்னம்மை அன்றைக்கு வளரவில்லை, போலியோ வளர்ந்தது. 1954இல் நோபல் பரிசு. (மிச்சமான இட்லி மாவில் ஊத்தப்பம் போட்டு உலகப் புகழ் பெற்ற மாதிரி.)

அந்தக் குழாய் எல்லாவற்றையும் மாற்றியது. நோயாளியிடம் எடுத்த சளியையோ திசுவையோ செல்கள் மேல் விடு, தினமும் மைக்ராஸ்கோப்பில் பார். செல்கள் உருண்டு, உடைந்து, உதிர ஆரம்பித்தால் உள்ளே வைரஸ் இருக்கிறது. ஒவ்வொரு வைரஸும் ஒவ்வொரு விதமாகச் செல்லைக் கெடுக்கும். அனுபவப்பட்ட கண் அதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடும்.

1954இல் அதே எண்டர்ஸும் அவருடைய இளம் சகா தாமஸ் பீபிள்ஸும் தட்டம்மை வைரஸைப் பிடித்தார்கள். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் தட்டம்மை பரவியது. பீபிள்ஸ் அங்கே போய் மாணவர்களிடம் ரத்தமும் தொண்டைக் கழுவலும் எடுத்து வந்தார். டேவிட் எட்மன்ஸ்டன் என்ற சிறுவனின் மாதிரியில் வைரஸ் வளர்ந்தது. அந்த வழியில் வந்த எட்மன்ஸ்டன்-ஜாக்ரெப் என்ற ரகம்தான் நம் நாட்டில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் எம்ஆர் தடுப்பூசியில் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எம்ஆர் முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி வந்தது, ஞாபகம் இருக்கா? அந்த ஊசிக்கு மூலம் இந்தப் பள்ளிப் பையன்தான்.

நம் கதைக்கு முக்கியம் வேறொன்று. எண்டர்ஸின் குழாயில் தட்டம்மை வைரஸ் வளர்ந்தபோது செல்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கரு கொண்ட ராட்சத செல்களாயின. ஹெக்ட் 1910இல் வியன்னாவில் பார்த்த அதே ராட்சதர்கள்!

1959இல் எண்டர்ஸ், மெக்கார்த்தி, மைட்டஸ், சீத்தம் என்ற நால்வரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ராட்சத செல் நிமோனியாவில் இறந்த குழந்தைகளின் நுரையீரலிலிருந்து தட்டம்மை வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே வேறு பெரிய நோயால் பலவீனப்பட்டிருந்தவர்கள். அவர்களுக்குத் தடிப்பு வரவே இல்லை. ஹெக்ட் நிமோனியா என்பது தனி வியாதி இல்லை. அது தடிப்பு வராத தட்டம்மை.

ஏன் தடிப்பு வரவில்லை? இதைப் புரிந்துகொண்டால் இந்த த்ரெட்டில் பாதி புரிந்த மாதிரி. தட்டம்மையில் தோலில் நாம் பார்க்கும் தடிப்பு வைரஸ் போட்ட கோலம் இல்லை. வைரஸ் புகுந்த செல்களை நம் டி செல்கள் வந்து அடிக்கிற அடியின் வீக்கம். இதற்கு இயற்கையே ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியது. 1952இல் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், ஆன்டிபாடியே தயாரிக்க முடியாத ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தால் மற்ற குழந்தைகளைப் போலவே தடிப்பு வந்து, போய், பிழைத்துக்கொள்கிறார்கள். டி செல் இல்லாத குழந்தைகளுக்கோ தடிப்பு வராது, ஆனால் வைரஸ் நுரையீரலில் இறங்கிவிடும். எங்கள் வார்டுப் பையனின் தோல் சுத்தமாக இருந்ததே, அது நல்ல அறிகுறி இல்லை. சண்டை போட ஆளில்லை என்பதற்கான அறிகுறி.

காய்ச்சல், தடிப்பு, நெறி கட்டுதல், ரத்தத்தில் ஆன்டிபாடி: நாம் "வியாதி" என்று படிக்கிற எழுத்தில் பெரும்பகுதி எதிர்ப்பு சக்தியின் கையெழுத்து. அந்தக் கை இல்லாத உடம்பில் படிக்க ஒன்றும் இருக்காது.

இந்தப் பிரச்சினை 1950களில் விரல் விட்டு எண்ணக்கூடிய குழந்தைகளுக்குத்தான். பிறகு மருத்துவமே இப்படிப்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் உருவாக்க ஆரம்பித்தது. சிறுநீரக மாற்று, கீமோ, எலும்பு மஜ்ஜை மாற்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டானல் தாமஸ் தலைமையில் மஜ்ஜை மாற்று பெரிய அளவில் தொடங்கியது (1990இல் அவருக்கு நோபல்). ரத்தப்புற்றுநோய் போய்விட்டது, புது மஜ்ஜை பிடித்துவிட்டது, வீட்டுக்கு அனுப்பலாம் என்று இருக்கும்போது இரண்டாவது மூன்றாவது மாதத்தில் மூச்சுத்திணறல் வரும். சிஎம்வி நிமோனியா. வந்தால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் இறந்தார்கள். புற்றுநோயை ஜெயித்தவரை ஒரு பழைய குடித்தனக்காரர் கொன்றார்.

அங்கே எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? நெஞ்சைத் திறந்து. ரத்தத்தட்டு குறைந்து, மூச்சுக்குப் போராடும் ஆளை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போய், விலா எலும்புகளுக்கு நடுவே கீறி, நுரையீரலில் ஒரு துண்டு வெட்டி எடுத்து, ஆந்தைக் கண் தேடினார்கள். அன்றைக்கு சிஎம்விக்கு மருந்தும் கிடையாது. பின்னே எதற்கு வெட்டினார்கள்? நியூமோசிஸ்டிஸாக இருந்தால் மருந்து உண்டு, காப்பாற்றலாம். இருக்காது என்று தெரிந்தால் வீணாக மருந்து கொட்ட வேண்டாம். அந்த முடிவுகளை எடுத்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இங்கேதான் ஜப்பானிலிருந்து உதவி வந்தது. தோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் ஷிகேத்தோ இகேதா 1960களின் நடுவில் வளையும் கண்ணாடி இழைகளால் ஆன பிராங்கோஸ்கோப்பை உருவாக்கினார். அதற்கு முன் இருந்தது கெட்டியான உலோகக் குழாய். புற்றுநோயைப் பார்க்கத்தான் அவர் செய்தார். கொஞ்ச வருஷத்தில் அதன் வழியாக உப்புநீரை உள்ளே விட்டு, திரும்ப உறிஞ்சி, நுரையீரலின் ஆழத்தில் உள்ள செல்களை வெளியே எடுக்கும் முறை வந்தது. இன்பாக்ஸில் கேட்டவர் "கொடுமை" என்றாரே, அதுதான் இது. சங்கடமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது நெஞ்சைக் கீறுவதற்குப் பதிலாக வந்தது. மூக்கில் எடுக்கிற ஸ்வாப்பில் சிக்காத வைரஸ் இந்தக் கழுவிய நீரில் சிக்கும். கோவிட் நேரத்தில் ஸ்வாப் நெகட்டிவ், சிடி ஸ்கேனில் நுரையீரல் நாசம் என்று எத்தனை பேரைப் பார்த்தோம்!

மாதிரி கிடைத்துவிட்டது. அடுத்த தலைவலி நேரம். சிஎம்வி சோம்பேறி வைரஸ். குழாயில் செல்லைக் கெடுக்க ஒரு வாரத்திலிருந்து மூன்று நான்கு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். நோயாளிக்கு அவ்வளவு நாள் கிடையாது. கல்ச்சர் ரிசல்ட் பல நேரம் இறப்புச் சான்றிதழுக்குப் பின்னால்தான் வந்து சேரும்.

சில வைரஸ்களுக்கு விடை ஏற்கெனவே இருந்தது. 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்கர் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்துக் கிருமியைத் தேடும் வழியைக் காட்டினார். 1960களின் கடைசியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கார்ட்னரும் ஜாய்ஸ் மெக்குவிலினும் குழந்தைகளின் மூக்குச் சளியை ஸ்லைடில் தடவி, இந்தச் சாயம் போட்டு, ஆர்எஸ்வி என்ற வைரஸை அன்றைக்கே சொன்னார்கள். அதே நாள்! ஆனால் நல்ல ஆன்டிபாடி கிடைப்பது குதிரைக் கொம்பு. விலங்குகளுக்கு ஊசி போட்டு எடுக்கும் ஆன்டிபாடியில் எல்லாம் கலந்திருக்கும், வேண்டாததெல்லாம் சேர்ந்து ஒளிரும். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே ஒரு இலக்கை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடியைச் செய்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

1984இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கர்ட் கிளீவ்ஸும் சகாக்களும் இதை வைத்து ஒரு எளிய வேலை செய்தார்கள். முறையின் பெயர் ஷெல் வயல். நம்ம நெல் வயல் இல்லீங்க, சின்னக் கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் ஒரு வட்டக் கண்ணாடித் துண்டு, அதன் மேல் மனித செல்கள். நோயாளியின் மாதிரியை ஊற்றி, குப்பியை சென்ட்ரிஃபியூஜில் வைத்து முக்கால் மணி நேரம் சுற்று. வைரஸ் செல்களுக்குள் சீக்கிரம் நுழைகிறது. அப்புறம் செல் சாகும் வரை காத்திருக்காதே. வைரஸ் உள்ளே போனதும் முதலில் தயாரிக்கும் புரதத்தை மோனோகுளோனல் ஆன்டிபாடியால் தேடு. உட்கரு பச்சையாக ஒளிர்ந்தால் முடிந்தது கதை. முதல் கட்டுரையில் 36 மணி நேரம். அதையும் பிறகு 16 மணிக்குக் குறைத்தார்கள். அவர்கள் முதலில் சோதித்தது சிறுநீரில். 1988இல் சியாட்டில்காரர்கள் இதையே நுரையீரல் கழுவலில் செய்து காட்டினார்கள்.

எனக்கு இந்த முறை மேல் தனிப் பிரியம். புது இயந்திரம் எதுவும் இல்லை. எல்லா லேபிலும் மூலையில் கிடக்கும் சென்ட்ரிஃபியூஜ்தான். மூன்று வாரம் ஒன்றரை நாளாகிவிட்டது.

ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் மட்டும் போதவில்லை. கான்சிக்ளோவிர் என்ற மருந்து 1980களில் வந்தது. நிமோனியா வந்தபின் கொடுத்தால் வைரஸ் குறைந்தது, ஆள் பிழைக்கவில்லை. இம்யூனோகுளோபுலினோடு சேர்த்துக் கொடுத்தபோது ஏறக்குறைய பாதிப் பேர் பிழைத்தார்கள். மீதிப் பாதி?

அப்போதுதான் கேள்வியையே மாற்றினார்கள். மூச்சுத்திணறும் வரை ஏன் காத்திருக்கணும்? 1991இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. மஜ்ஜை மாற்று முடிந்து 35ஆம் நாள், எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கும் 104 பேருக்கு நுரையீரலைக் கழுவிப் பார்த்தார்கள். 40 பேருக்கு சிஎம்வி இருந்தது. இருமல்கூட இல்லாத ஆட்கள்! அவர்களில் 20 பேருக்கு உடனே கான்சிக்ளோவிர், 20 பேரைக் கவனித்து மட்டும் வந்தார்கள். கவனித்து வந்தவர்களில் 14 பேருக்கு சிஎம்வி நிமோனியா வந்தது அல்லது இறந்தார்கள். மருந்து கொடுத்தவர்களில் 5 பேர். 70 சதவீதம், 25 சதவீதம்.

அந்தக் கண்காணிப்புப் பட்டியலில் விழுந்த 20 பேரை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கும். ஆனா அந்த மருந்து வெள்ளை அணுக்களையே குறைக்கக்கூடியது. புது மஜ்ஜை வைத்த ஆளுக்கு அதைச் சும்மா கொடுக்க முடியாது. கொடுத்தா நல்லதா கெட்டதான்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது. இன்றைக்கு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வாராவாரம் ரத்தம் எடுத்து சிஎம்வி எவ்வளவு என்று பார்த்து, ஏறத் தொடங்கும்போதே மருந்து ஆரம்பிக்கிறோமே, அதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அதே 1991 ஆய்வில் 35ஆம் நாள் நெகட்டிவ் வந்த சிலருக்கும் பின்னால் நிமோனியா வந்தது. ஒரு நாள் பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்கணும் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

திரும்பத் திரும்ப நுரையீரலைக் கழுவ முடியுமா? ரத்தத்தில் பார்க்க வழி வேண்டும். 1988இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் வெள்ளை அணுக்களுக்குள் சிஎம்வியின் புரதத்தைச் சாயம் போட்டு எண்ணும் முறை வந்தது. சில மணி நேரத்தில் ரிசல்ட். சில வருஷம் அதுதான் ராஜா. பிறகு பிசிஆர் வந்து எல்லோரையும் ஓரங்கட்டியது.

பிசிஆரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2020க்குப் பிறகு டீக்கடையில் "சிடி வேல்யூ எவ்வளவு" என்று கேட்ட ஊர் இது. 1983இல் கேரி முல்லிஸ் இரவில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது தோன்றிய யோசனை. ஒரு துளி டிஎன்ஏவை ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக, முப்பது தடவை இரட்டித்தால் நூறு கோடிக்கு மேல். வைரஸ் உயிரோடு இருக்க வேண்டாம், வளர வேண்டாம், நோயாளியின் எதிர்ப்பு சக்தியைக் கேட்க வேண்டாம். அதன் மரபணுவில் ஒரு கீற்று கிடைத்தால் போதும்.

இது வந்தபின் பழைய கணக்கெல்லாம் திரும்பிப் பார்க்கப்பட்டது. 2001இல் நெதர்லாந்தில் மெட்டாநியூமோ வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பழைய ரத்த மாதிரிகளைப் பார்த்தால் 1958லேயே அது மனிதர்களிடம் இருந்திருக்கிறது. (2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்கு என்று செய்தி வந்தபோது "புதிய வைரஸ்" என்று அலறினார்களே, அதே ஆள்தான்.)

என்னை உலுக்கியது வேறொரு ஆய்வு. மஜ்ஜை மாற்றுக்குப் பின் நிமோனியா வந்து, எல்லா டெஸ்டும் நெகட்டிவ் ஆனவர்களுக்கு "காரணம் அறியா நிமோனியா" என்று எழுதுவது வழக்கம். கிருமி இல்லை என்றால் அது எதிர்ப்பு சக்தி செய்யும் வேலை என்று வைத்து அதை இன்னும் அடக்கும் ஸ்டீராய்டு கொடுப்போம். சியாட்டில்காரர்கள் 1992 முதல் 2006 வரையிலான அப்படிப்பட்ட 69 பேரின் நுரையீரல் கழுவலை ஃப்ரீசரில் பத்திரமாக வைத்திருந்தார்கள். புது முறைகளில் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். 69 பேரில் 39 பேரிடம் ஏதோ ஒரு கிருமி இருந்தது. எச்எச்வி-6 என்ற வைரஸ்தான் அதிகம், ரைனோ வைரஸ், சிஎம்வி, பூஞ்சைகூட. பாதிக்கு மேல்!

ஆனா இதில் ஒரு சிக்கல் இருக்கு. கிருமி இருந்தது என்பதும் கிருமிதான் கொன்றது என்பதும் ஒன்றா? எச்எச்வி-6உம் சிஎம்வி போலப் பழைய குடித்தனக்காரர்தான். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் ரைனோ வைரஸ் வாரக்கணக்கில் இருந்துகொண்டே இருக்கும், சில நேரம் மூக்கு ஒழுகுவதோடு சரி. ஆந்தைக் கண்ணைப் பார்த்த அந்தக் காலத்து ஆளுக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை. கெட்டுப்போன திசுவும் அதைக் கெடுத்தவனும் ஒரே ஸ்லைடில் இருந்தார்கள். பிசிஆர் திருடனின் கைரேகையை மட்டும் காட்டும். அவன் திருட வந்தானா, அந்த வீட்டில் குடியிருப்பவனா என்று சொல்லாது. அதனால்தான் இப்போது இருக்கா இல்லையா என்பதைவிட எவ்வளவு என்று கேட்கிறோம், போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறோம்.

கோவிட் காலத்தில் பழைய கண்ணாடிக் குழாய்க்கே திரும்பப் போக வேண்டி வந்தது. 2020இல் பாஸ்டனில் 45 வயது ஆண். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளில் இருந்தவர். கோவிட் வந்து, குறைந்து, மறுபடி வந்து, மாதக்கணக்கில் பிசிஆர் பாசிட்டிவ். செத்த வைரஸின் மிச்சமா, உயிருள்ளதா? பிசிஆரால் சொல்ல முடியாது. மாதிரியைச் செல்களில் விட்டுப் பார்த்தார்கள், எண்டர்ஸும் வெல்லரும் செய்த மாதிரியே. 143ஆம் நாள் எடுத்த மாதிரியிலும் வைரஸ் உயிரோடு வளர்ந்தது. 154ஆம் நாள் அவர் இறந்தார்.

இன்பாக்ஸில் கேட்டவருக்கு: ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஆனால் உங்கள் அப்பாவின் ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லை என்பதற்கு அர்த்தம் இல்லை, இருக்கிறது என்பதற்கும் பெரிய அர்த்தம் இல்லை. மூக்கு ஸ்வாப் உள்ளே நடப்பதை முழுசாகச் சொல்லாது. சாச்சுரேஷன் தாங்கும்போதே கழுவி எடுப்பது நல்லது, இன்னும் மோசமானால் செய்வதில் ஆபத்து கூடும். உங்கள் டாக்டர் கேட்பது சரிதான்.

போன மாசம் எங்கள் வார்டிலும் இதே மாதிரி ஒருவர். கிட்னி மாற்றியவர். பேனல் ரிசல்ட் வந்தது: ரைனோ வைரஸ் பாசிட்டிவ், ஆர்எஸ்வி பாசிட்டிவ், சிஎம்வி கொஞ்சம். மூன்று பேர் கைரேகை. மைக்ரோபயாலஜி மேடத்துக்குப் போன் போட்டு, "மேடம், இதுல யாரை நம்புறது?" என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும் சார். வீட்டுல குழந்தைங்க யாருக்காவது சளி இருந்துச்சா, கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. வார்டுக்குப் போய்க் கேட்டேன். பேத்திக்கு ரெண்டு வயசு. பத்து நாளா இழுப்பும் சளியுமாம்.

(டெஸ்ட் ரிப்போர்ட்டை கமென்டில் போட வேண்டாம். பேரும் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். சந்தேகம் இருந்தா பொதுவா கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.)